அருவிக் கடிகாரம், ஆரம்ப விலை தொண்ணூற்றொன்பது

என் தம்பி ஸ்ரீதருக்கு ஏலப் பைத்தியம் பிடித்தது கடலூர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். ஒரு கூடை வஞ்சரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போனதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறான். பார்த்த வேகத்தில் மீன் வாங்கவே மறந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு.

"விலைய நாம சொல்லவே கூடாதுக்கா. ஏலத்துல விட்டா உண்மையான விலை தானா வெளிய வந்துடும்," என்றான்.

"மீனு மத்தியானத்துக்குள்ள நாறிடும்டா. அதான் அவசர அவசரமா கூவி விக்கறாங்க," என்றேன்.

இஞ்சினியரிங் படித்தவன் அக்கா பேச்சைக் கேட்பானா? பரங்கிப்பேட்டையிலிருந்து கூடப் படித்த இம்தியாஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் இரண்டு மாதம் லேப்டாப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்து 'மூணு தரம்' என்று ஓர் ஆப் செய்தார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைப் படம் பிடித்துப் போட்டால், மூன்று நாள் ஏலம் நடந்து ஞாயிறு மாலையில் முடியும். ப்ரோகிராம் எழுதுவது இம்தியாஸ். சித்தாந்தம் பேசுவது ஸ்ரீதர். பொருளை பேக் செய்வது, அனுப்புவது, போனில் வசவு வாங்குவது எல்லாம் மாலதி, அதாவது நான். மஞ்சக்குப்பத்தில் என் தையல் கடையின் பின்னறைதான் அவர்களுக்கு குடோன். வாடகை கேட்டால், "கம்பெனி வளரட்டும்க்கா" என்பான்.

ஏலம் கேட்பவர்களின் சொந்தப் பெயர் தெரியக்கூடாது என்று இம்தியாஸ் எல்லோருக்கும் மீன் பெயராக வைத்துவிட்டான். சுறா, கொடுவா, நெத்திலி, நண்டு. அவன் ஊரில் எது கண்ணில் படுமோ அதைத்தானே வைப்பான்.

ஆரம்பத்தில் ஓகோ என்றுதான் போனது. கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பொருள் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு லாஃப்டில்தான் இல்லை. பிரிக்காத ஹாட்பாக்ஸ், டின்னர் செட், வரிசையாகக் குத்துவிளக்கு. எல்லாம் இறங்கி எங்களிடம் வந்தன. எதுவாக இருந்தாலும் ஆரம்ப விலை தொண்ணூற்றொன்பது ரூபாய்தான். தாழ்வாக ஆரம்பித்தால்தான் கூட்டம் சேரும் என்றான் ஸ்ரீதர். கூட்டம் சேர்ந்தது உண்மை. சாயங்காலம் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் ஆப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எதற்காகப் பார்த்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பாத்திரத்தைச் சும்மா கொடுப்பதில்லை. கடையிலேயே நின்று பெயர் வெட்டி வாங்கித்தான் கொடுப்பார்கள். கொடுத்தவர் பெயர், ஊர், இடமிருந்தால் படித்த படிப்பும் சேர்த்து. ஆப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் பாத்திரத்தில் நெளிசல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. யார் கொடுத்ததை யார் விற்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

பண்ருட்டியில் ஒரு பெண், தாய்மாமன் கொடுத்த எவர்சில்வர் குடத்தை ஏலத்தில் விட்டாள். கடையில் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குடம் நாலாயிரம் வரை ஏறியது. எடுத்தவர் அதே தாய்மாமன். எடுத்த கையோடு அவள் வீட்டுக்குப் போய் நடுக்கூடத்தில் குடத்தை வைத்து, "இதுல கொஞ்சம் தண்ணி மொண்டு குடும்மா" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் எனக்குப் போன் செய்து அழுதாள்.

"பாத்தியாக்கா, அறுநூறு ரூபா குடம் நாலாயிரத்துக்குப் போயிருக்கு. இதான் உண்மையான விலை," என்றான் ஸ்ரீதர்.

"அது குடத்தோட விலை இல்லடா. அந்தாளு மானத்தோட விலை," என்றேன்.

நிஜமாகவே பொருள் வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "மிக்ஸி இன்னைக்கு வேணும். ஞாயித்துக்கெழம வரைக்கும் அம்மியிலயா அரைக்கறது?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். அவள் கேள்வியில் என்ன தப்பு? கையில் போன் இருக்கிறது, புது மிக்ஸி என்ன விலை என்று ஒரு தட்டில் தெரிந்துவிடுகிறது. பழைய மிக்ஸிக்கு மூன்று நாள் காவல் காக்க யாருக்குப் பொழுது இருக்கிறது. நான் இதை ஸ்ரீதரிடம் சொன்னேன். "சுவாரசியம்னு ஒன்னு இருக்குல்லக்கா," என்றான். சுவாரசியம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

இதற்கு நடுவில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் இலக்கியா, சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நல்ல பெண். என் தம்பிக்குக் கொஞ்சம் அதிகம்தான். அவள் அப்பா கலியமூர்த்தி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம், பேச்சு சுருக்கம், ரோஷம் ஜாஸ்தி. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றடி அகலம். அதில் ஒரு அருவிப் படம். பின்னால் விளக்கு சுழன்று தண்ணீர் நிஜமாகவே கொட்டுவது மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பறவை அலறும். குயிலா, மயிலா, காலில் எதுவும் மிதிபட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. அது முடிந்ததும் ஒரு குழந்தைக் குரல் நமக்குத் தெரியாத பாஷையில் என்னவோ சொல்லும். மணி சொல்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். கீழே சிவப்பு எழுத்தில், 'அன்பளிப்பு: கலியமூர்த்தி – ஞானாம்பாள், சிதம்பரம்'.

என் அம்மா தில்லையம்மாளுக்கு மத்தியானத் தூக்கம் முக்கியம். அந்தப் பறவைக்கு அது தெரியாது. நாலு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல், கடிகாரத்தைப் படம் பிடித்து அவளே ஆப்பில் போட்டுவிட்டாள். மகனே செய்த ஆப் ஆயிற்றே, அவளுக்கு அதில் எல்லாம் அத்துப்படி. பெயர் தெரியக்கூடாது என்பதற்காகச் சிவப்பு எழுத்தின் மேல் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். கலியமூர்த்தி முழுசாக மறைந்துவிட்டார், ஞானாம்பாளும் மறைந்துவிட்டார். அதோடு பொட்டு அட்டை தீர்ந்துபோனது. சிதம்பரம் மட்டும் பளிச்சென்று வெளியே நின்றது.

வெள்ளிக்கிழமை ஏலம் ஆரம்பமானது. முதல் போன் வடலூரிலிருந்து வந்தது. பேசியவர் பெயர் சபாபதி, புதிதாக டீக்கடை திறக்கப் போகிறாராம்.

"அந்த அருவிக் கடிகாரத்துக்கு ஒரே விலையா சொல்லுங்கம்மா. கடைக்கு வெளிச்சமா இருக்கும். இப்பவே எடுத்துக்கறேன்."

"அப்படி சொல்ல முடியாதுங்க. ஏலத்துல கேளுங்க," என்றேன். எந்தக் கடிகாரம் என்று நான் பார்க்கக்கூட இல்லை. தைக்க வேண்டிய ரவிக்கைகள் மேஜையில் குவிந்து கிடந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் இம்தியாஸ் கடைக்கு ஓடி வந்தான். அவன் முகம் நடுக்கடலில் இஞ்சின் நின்றவன் முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, ஒரு கடிகாரம் பதினாலாயிரத்துக்குப் போய்க்கினு இருக்கு. ரெண்டாயிரத்துலயே மத்தவங்கல்லாம் வெலகிட்டாங்க. இப்ப ரெண்டே பேருதான், நண்டும் நெத்திலியும். வுடவே மாட்டேங்கறாங்க."

"நல்லதுதான. கமிஷன் வரும்."

"இல்லக்கா. அவுங்க அட்ரஸ எடுத்துப் பாத்தேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நண்டு, சிதம்பரம் கனகசபை நகர் கலியமூர்த்தி மாமா."

கத்தரியை வைத்துவிட்டு அவன் போனை வாங்கினேன். படத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர், அருவி, பொட்டு வரிசை, சிதம்பரம்.

"நெத்திலி யாரு?"

"போன் நம்பர் உங்க பக்கத்து வூட்டு அம்மாவோடது. ஆனா அட்ரஸ் உங்க வூடு."

நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா பக்கத்து வீட்டுப் போனைக் கடன் வாங்கிக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

"நீயே வித்து நீயே வாங்கறியாம்மா? உனக்கு என்னாச்சு?"

"எவனோ நண்டுங்கறவன் சிதம்பரத்துக்காரனாட்டம் இருக்குடி. கேள்வி கேக்கற எடத்துல, 'இது யாரு குடுத்தது, பொட்ட எடுத்துக் காட்டுங்க'ன்னு போட்டிருக்கான். அவன் கைக்குப் போனா நேரா சம்பந்தி வூட்டுல காட்டிடுவான். அதான் நானே எடுத்துடலாம்னு."

"எவனோ இல்ல. சம்பந்தியேதான் அந்த நண்டு."

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் போனை மறுபடி எடுத்து இன்னும் ஐந்நூறு ஏற்றினாள். "இப்ப வுட்டா இன்னும் மோசமாயிடும்," என்றாள். அவள் கணக்கும் சரிதான். அவர் ஜெயித்தால் கடிகாரத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார். பண்ருட்டித் தாய்மாமன் கதை எங்களுக்குத் தெரியாததா.

பொருளைத் திரும்ப எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏலம் ஆரம்பித்த பிறகு விற்பவர் நிறுத்த முடியாது என்று ஸ்ரீதர் பெரிய எழுத்தில் விதி போட்டு வைத்திருந்தான். நம்பிக்கைதான் கம்பெனியின் முதல் என்பான். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாக நீளும் என்று இன்னொரு விதி வேறு. அம்மாவும் கலியமூர்த்தியும் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் இந்த ஏலம் பொங்கல் வரைக்கும் நடக்கும்.

ஸ்ரீதரிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. சித்தாந்தம் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த நேரம் பார்த்து இலக்கியா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்க மாட்டேங்கறாரு. பிரஸ்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. 'ஏலம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம், இந்தச் சம்பந்தமே வேணுமான்னு'ங்கறாரு." அவள் குரல் உடைந்தது. "எனக்கு உங்க தம்பியப் பிடிச்சிருக்கு அண்ணி. ஒரு கடிகாரத்தாலயா இதெல்லாம் நிக்கணும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா மேல், தம்பி மேல், அந்தப் பறவை மேல். ஆனால் யாரைத் திட்டி என்ன ஆகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். ஸ்ரீதரும் வருகிறேன் என்றான். "நீ வந்தா உண்மையான விலையப் பத்திப் பேசுவ, வேணாம்," என்று இறக்கிவிட்டேன்.

கனகசபை நகர் வீட்டில் கலியமூர்த்தி ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சார்ஜர் ஒயர் குட்டையாக இருந்ததால் போனோடு சேர்ந்து அவரும் சுவரில் மாட்டியதுபோல் இருந்தார். என்னைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை.

"முப்பத்தோராயிரம்," என்றார்.

"மாமா, நான் சொல்றத..."

"யாரோ நெத்திலியாம், வுட மாட்டேங்குது. எனக்கு நண்டுன்னு பேரு வெச்சிருக்காங்க. மூணு தலைமொறையா முட்டகூடத் தொடாத குடும்பம்மா இது."

உள்ளேயிருந்து ஞானாம்பாள் அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்து, "ரெண்டு நாளா சாப்பாடுகூட ஸ்டூல்லதான்," என்றாள். இலக்கியா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

கலியமூர்த்தி போனைப் பார்த்தபடியே பேசினார்.

"பிடிக்கலன்னா வித்துட்டுப் போங்க. எல்லாருக்கும் எல்லாம் பிடிக்குமா? எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா தொண்ணூத்தொம்பதுன்னு ஆரம்பிச்சீங்க பாரு, அதான் தாங்கல. பஸ்ஸுல அதுக்குத் தனி சீட்டுப் புடிச்சு, லக்கேஜுக்கு டிக்கெட் எடுத்து, கண்ணாடில கீறல் விழுந்துடுமோன்னு வழிபூரா கைய அணைச்சாப்ல வெச்சுக்கினு வந்தேன். எம் பொண்ணு வாழப்போற வூடு, போன ஒடனே பளிச்சுன்னு ஒரு சாமான் இருக்கட்டும்னு. அதுக்கு ஊரறிய வெச்ச விலை தொண்ணூத்தொம்பது."

இத்தனை நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆப் செய்தவனுக்கு அந்த எண் கூட்டம் சேர்க்கும் எண். கொடுத்த மனுஷனுக்கு அதுதான் மரியாதையின் அளவு. இதை எந்த இஞ்சினியரிங் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

"மாமா, அந்த நெத்திலி யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா என்னா? நான் வுட மாட்டேன்."

"எங்க அம்மா."

சமையலறையில் ஏதோ டம்ளர் விழுந்தது. கலியமூர்த்தி முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சம்பந்தியம்மாவா? முப்பதாயிரத்துக்கு மேலயா கேக்கறாங்க?"

"ஆமா மாமா."

"அந்தக் கடிகாரத்துக்கா?"

"அது வேற யாரு கைக்கும் போயிடக்கூடாதுன்னு துடிச்சுக்கினு இருக்காங்க மாமா."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்ன காரணத்துக்காகத் துடிக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்பறம் ஏன் வித்தாங்களாம்?"

"வித்த பிறகுதான அதோட மதிப்பு தெரியுது," என்றேன். இதுவும் உண்மைதான்.

அவர் முகத்தில் இரண்டு நாள் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. "பாவம், பொம்பள மனசு. அவசரப்பட்டுட்டாங்க," என்றார். ஏலத்தில் விலை ஏறியதால் கிடைத்த ஒரே நன்மை இதுதான். முப்பதாயிரம் என்ற எண் இல்லாவிட்டால் அவர் என்னை நம்பியிருக்க மாட்டார்.

இம்தியாஸுக்குப் போன் போட்டேன். கேட்பவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் ஏலம் ரத்தாகும், அதற்கு மட்டும் வழி வைத்திருக்கிறேன் என்றான். ஆனால் யார் முதலில் விடுவது? இலக்கியா போனிலிருந்து அம்மாவை ஸ்பீக்கரில் பிடித்தேன்.

"அவரு மொதல்ல வுடட்டும்," என்றாள் அம்மா.

"அவுங்க வுட்டதும் நான் வுட்டுடறேன்," என்றார் இவர்.

இரண்டு பேரும் இத்தனை நாள் மோதியதே இந்த ரோஷத்தில்தானே. கடைசியில் நானே கூவினேன். "ஒரு தரம். ரெண்டு தரம்." இரண்டு வீட்டிலும் விரல்கள் பட்டனுக்கு மேல் காத்திருந்தன. "மூணு தரம்." இருவரும் அழுத்தினார்கள். எங்கள் ஆப்பில் ஒழுங்காக முடிந்த ஒரே ஏலம் அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

"இப்ப அதுக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்க மாமா. ஏலமெல்லாம் வேணாம். ஒரே விலை, அந்த விலைக்கு யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்."

அவர் யோசிக்கவே இல்லை. "ஆயிரத்து எண்ணூத்து அம்பது. நான் குடுத்த விலை. ஒரு ரூபா ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். அந்த விலைக்கு நானே எடுத்து, மறுபடி நானே சம்பந்தியம்மா கையில குடுக்கறேன்."

ஸ்பீக்கரில் அம்மா இருமினாள். அவளும் அந்த விலைக்குத் தானே எடுத்து எங்காவது ஒளித்துவைக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இம்தியாஸ் கடிகாரத்தைப் புதிதாகப் போட்டான். ஒரே விலை. கீழே 'வாங்கு' என்று ஒரு பட்டன். எங்கள் ஆப்பில் அப்படி ஒரு பட்டன் வந்தது அதுதான் முதல் தடவை.

கலியமூர்த்தி சட்டைப்பையைத் தடவினார். "எங் கண்ணாடி எங்க, ஞானம்?" ஸ்பீக்கரில் அம்மாவும், "மாலதி, எங் கண்ணாடிய எங்கடி வெச்சேன்?" என்று என்னைக் கேட்டாள். நான் சிதம்பரத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஞானாம்பாள் அத்தை டிவி மேல், சாமி மாடத்தில், தலையணைக்கு அடியில் என்று தேடி, கடைசியில் அவர் நெற்றிக்கு மேலேயே இருந்ததை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டாள். அவர் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"என்னம்மா இது, 'விற்றது'ன்னு போட்டிருக்கு?"

இலக்கியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி எடுத்தாலும் பரவாயில்லை, இவரே எடுத்தாலும் பரவாயில்லை. இது யார் நடுவில் புகுந்தது? என் போன் அடித்தது. வடலூர் சபாபதி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, கடிகாரத்த எடுத்துட்டேன். மூணு நாளா கண்ணு வெச்சுக்கினு இருந்தேன். யாரோ ரெண்டு பைத்தியம் வெலய ஏத்திக்கினே போச்சுங்க, சரி நம்ம யோகம் அவ்ளோதான்னு விட்டுட்டேன். இப்ப பாத்தா நாயமான விலை போட்டிருக்கீங்க. டக்குனு அமுக்கிட்டேன்."

இரண்டு பைத்தியங்களில் ஒருவர் ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் கடலூரில் போனும் கையுமாக அமைதியாக இருந்தார்.

கலியமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "தம்பி, வெல ஜாஸ்தின்னு தோணலையா?"

"அருவி ஓடுது, லைட்டு எரியுது, பறவ கத்துது. இதுக்கு இந்த வெல ஜாஸ்தியாங்க? கடையில கூட்டம் நின்னு பாக்கும்."

"கீழ பேரு ஒன்னு எழுதியிருக்கும்."

"இருக்கட்டுங்க. கடைக்கு ஒரு பெரிய மனுஷன் பேரு இருந்தா நல்லதுதான."

கலியமூர்த்தி போனின் சார்ஜர் ஒயரைக் கழற்றினார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். இரண்டு நாளில் அவர் நிமிர்ந்து நின்றதே அப்போதுதான் என்று அத்தை பிறகு சொன்னாள். "பேரமே பேசல பாத்தியா. ஒரே விலை சொன்னேன், மறுபேச்சு இல்லாம எடுத்துட்டான்," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பொட்டெல்லாம் எடுத்துட்டு அனுப்பும்மா," என்றார். அப்புறம்தான், "இலக்கியா, பிரஸ்காரனுக்குப் போன் போடு" என்றார்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து என் தோளிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அம்மா, "அப்ப கடிகாரம் போயிடுச்சா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கலியமூர்த்தி ஏக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"கவலப்படாதீங்க சம்பந்தியம்மா," என்றார். அந்த வார்த்தையின் அர்த்தம் அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து பொருள் போட்டவர்கள் எல்லாம் அந்தப் பட்டனைக் கேட்க ஆரம்பித்தார்கள். சத்தமில்லாமல் போய்விடுகிறது, யார் கண்ணிலும் படுவதில்லை, தொண்ணூற்றொன்பதிலிருந்து ஏறும் அவமானமும் இல்லை. வாங்குபவர்களுக்கும் அன்றைக்கே மிக்ஸி கிடைத்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் பழையபடி சீரியலுக்குத் திரும்பிவிட்டது. விற்பனை ஏறியது. இன்ன விலை என்று யாருக்கும் தெரியாத அபூர்வச் சாமானுக்கு மட்டும் ஏலம் இருக்கட்டும் என்று ஸ்ரீதர் கெஞ்சினான், சரியென்று விட்டுவைத்தோம். அவன் சித்தாந்தத்தையும் மாற்றிக்கொண்டான். விலை தெரிந்த பொருளுக்கு ஏலம் தேவையில்லை என்று தானே கண்டுபிடித்ததுபோல் எல்லோரிடமும் சொல்கிறான். மீன் கதையை நான்தான் சொன்னேன் என்பது அவனுக்கு நினைவில்லை.

கலியமூர்த்தி மாதம் ஒரு தடவை வடலூருக்குப் போய், சபாபதி கடையில் அருவிக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருகிறார். பக்கத்தில் இருப்பவரிடம், அந்தப் பெயர் யாருடையது தெரியுமா என்று அவரே கேட்பாராம்.

கல்யாணம் தையில் நன்றாகவே நடந்தது. சீர்வரிசையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் பின்னால் மூன்றடி அகலத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அம்மா அதைப் பார்த்ததும் என் கையைக் கிள்ளினாள்.

"ஜோடியாத்தான் வாங்கினேன் சம்பந்தியம்மா. ஒன்னு உங்களுக்கு, ஒன்னு பொண்ணு வூட்டுக்குன்னு. இப்ப ரெண்டும் ஒரே வூடுதான," என்றார் கலியமூர்த்தி. இந்தத் தடவை பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார், பொட்டு ஒட்டினாலும் மறையாத அளவுக்கு. அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து இலக்கியா ரவிக்கை தைக்கக் கொடுப்பதாகச் சொல்லிக் கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ரவிக்கைத் துணியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அந்தக் கடிகாரம் எங்க ரூமுலதான் மாட்டியிருக்கு."

"தெரியும்."

"ஏலத்துல போட வேணாம். ஒரே விலையா போட்டா எவ்ளோ நேரத்துல போவும்?"

"போன தடவ ஒரு நிமிஷம்கூட ஆவல."

அவள் கணக்கு டீச்சர். மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்ப சரி அண்ணி. அப்பாவுக்குக் கண்ணாடி தேடவே ரெண்டு நிமிஷம் ஆவும்."